முதல் மேடைக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: கல்லூரி விழாவில் எங்கள் பேண்ட் முதல்முறை மேடையேறுகிறது. இரண்டு கிதார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி மேளம்). பழகி நான்கு மாதம்தான். 'இளைய நிலா' வாசிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 1982-ல் வந்த அந்தப் பாட்டின் கிதார் எல்லோர் காதிலும் இருக்கிறது. ஒரு சுரம் பிசகினாலும் கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். (நான் மாட்டியிருக்கிறேன். பாதியில் என் விரல் மரத்துப்போக, டிரம்ஸ்காரர் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.) சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யில் தொடங்குங்கள். மூன்று கார்டு (chord, சில சுரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டுவது) போதும். பல்லவியைக் கூட்டமே பாடிவிடும். அப்புறம் பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ': ஜி, ஈ மைனர், சி, டி என்று நான்கு கார்டு, கடைசிவரை இதே சுற்றுதான். பாடகருக்கு எட்டாவிட்டால் ஸ்ருதியை இறக்குங்கள், அதில் வெட்கமில்லை. மூன்றாவது பாட்டு எதுவானாலும் சரி, முடிக்கும் இடத்தை மட்டும் பத்துத் தடவை பழகுங்கள். மூவரும் ஒன்றாக நிறுத்துவதுதான் கஷ்டம்.