யோகி பெரா: கேட்சரும் மேலாளரும் – கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பால் அணியான நியூயார்க் யாங்கீஸின் கேட்சர் யோகி பெரா (1925–2015) பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

யோகி என்று பெயர் வந்தது எப்படி? யோகாசனம் செய்வாரா?

செய்ததில்லை. இயற்பெயர் லாரன்ஸ் பீட்டர் பெரா. செயின்ட் லூயிஸில் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. சம்மணம் போட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தவரைப் பார்த்து, படத்தில் வந்த இந்திய யோகி மாதிரி இருக்கிறான் என்று ஒரு நண்பர் சொன்னார். அது ஒட்டிக்கொண்டது.

கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர்தானே?

பாதி சரி. கீப்பர் யோசனை சொல்வார். கேட்சரோ ஒவ்வொரு பந்துக்கும் என்ன வீச வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரல்களால் சைகை காட்டுவார். தடுக்கும் ஒன்பது பேரில் மைதானம் முழுவதையும் எதிரே பார்த்து உட்காருபவர் அவர் மட்டும்தான். பெரா தொடக்கத்தில் சுமார் ரகம். 1949-இல் பழைய கேட்சர் பில் டிக்கி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் தேறினார். இடது ஆள்காட்டி விரலைக் கையுறைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொள்வார். 1956 உலகத் தொடரில் (இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர்) யாங்கீஸ் பந்துவீச்சாளர் டான் லார்சன் எதிரணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினாரே, அந்த 97 பந்துகளுக்கும் சைகை பெராவுடையது. லார்சன் ஒன்றையும் மறுக்கவில்லை. மேலாளர் பெரா இங்கேதான் உருவானார் என்பது என் கட்சி.

பேட்டிங்?

358 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர். 1950-இல் 597 வாய்ப்புகளில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது) ஆனது வெறும் 12 முறை.

1955 உலகத் தொடரில் ஜாக்கி ராபின்சன் ஹோம் பிளேட்டைத் திருடியது அவுட்டா, சேஃபா?

முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், வீசியவர் யாங்கீஸின் வைட்டி ஃபோர்டு. டாட்ஜர்ஸ் வீரர் ராபின்சன் பந்து வீசப்படும்போதே ஓடி, கேட்சர் முன்னாலிருக்கும் ஹோம் பிளேட்டை எட்டி ரன் எடுக்கப் பார்த்தார்; அதுதான் திருடுவது. அம்பயர் பில் சம்மர்ஸ் சேஃப் என்றார். பெரா எகிறிக் குதித்து அவர் முகத்துக்கு நேரே கத்தினார். கடைசிவரை அவுட் என்றே சொன்னார். நானும் அவுட் பக்கம்: கையுறை பிளேட்டுக்கு முன்னால் முதலில் இறங்கிவிட்டது.

படத்தில் கால் முதலில் படுவது தெளிவாகத் தெரிகிறதே ஐயா?

எந்தக் கோணத்துப் படம் என்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்ததில் கையுறையும் காலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தரையோடு சறுக்கி வரும் காலுக்கு முன்னால் கையுறை கிடந்தால், கால் அதைத் தொடாமல் பிளேட்டுக்குப் போக முடியாது.

பெரா பொய் சொல்கிறார் என்கிறீர்களா, அம்பயர் பொய் சொல்கிறார் என்கிறீர்களா?

யாரும் பொய் சொல்லவில்லை. அம்பயர் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார், கேட்சர் கைக்குப் பட்டதைச் சொன்னார். நான் கையை நம்புகிறேன். ஆட்டத்தை 6-5 என்று யாங்கீஸ் வென்றது, தொடரை டாட்ஜர்ஸ் வென்றது. இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது. பதில் மேலே இருக்கிறது.

யோகி என்ற கார்ட்டூன் கரடிக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி ஆட்டத்தைப் பற்றி இருக்கட்டும்.

அவர் சொன்ன பொன்மொழி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?

எதையும் அவர் பெயரில் நம்பாதீர்கள். அவர் சொல்லாதது நிறைய சுற்றுகிறது. அவர் பெயரில் சுற்றும் வேடிக்கைப் பேச்சுதான் இவரை மேலாளராக யாரும் மதிக்காமல் செய்தது.

மேலாளராகத் தோற்றவர்தானே?

இதற்குத்தான் காத்திருந்தேன். 1964-இல் யாங்கீஸ் மேலாளராக முதல் ஆண்டிலேயே 99 ஆட்டம் வென்று உலகத் தொடருக்குப் போனார். ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸிடம் தோற்ற மறுநாளே வேலை போனது. இடத்துக்கு வந்தவர் தோற்கடித்த அணியின் மேலாளர் ஜானி கீன். 1973-இல் அவர் மேலாளராக இருந்த மற்ற லீக் அணி நியூயார்க் மெட்ஸ், ஆகஸ்ட் கடைசியில் தன் பிரிவில் கடைசி இடம். அதே அணியை 82-79 என்று முதலிடத்துக்கு ஏற்றி, சின்சினாட்டியையும் வீழ்த்தி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். இரண்டு லீக்கிலும் பட்டம் எடுத்தவரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள்.

அந்த 1973 தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மெட்ஸ் பந்துவீச்சாளர் டாம் சீவரை இறக்கியது தப்பில்லையா?

தப்புதான். இன்னொரு பந்துவீச்சாளர் ஜார்ஜ் ஸ்டோனை இறக்கிச் சீவருக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம்.

யாங்கீஸுடன் ஏன் பேசாமல் இருந்தார்?

மறுபடி யாங்கீஸ் மேலாளராக இருந்தவரை 1985-இல் 16 ஆட்டத்திலேயே நீக்கினார்கள். உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னர் நேரில் சொல்லாமல் ஆள் அனுப்பினார். 14 வருடம் பெரா அந்த மைதானத்தை மிதிக்கவில்லை. 1999-இல் ஸ்டெயின்பிரென்னரே தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஜூலை 18-இல் லார்சன் மறுபடி ஒரு பந்து வீச, பெரா அன்றைய கேட்சர் ஜோ ஜிரார்டியின் கையுறையில் பிடித்தார். அப்புறம் அதே கையுறையில் ஜிரார்டி, அன்றைய ஆட்டத்தில் யாங்கீஸ் பந்துவீச்சாளர் டேவிட் கோன் வீசியதை வாங்கினார். 27 பேரும் அவுட்.