டெல்லி காலேஜ் பாடம், அரசியல், பேச்சுரிமை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நார்த் கேம்பஸ் பக்கம் ஒரு காலேஜ்ல பதினோரு வருஷமா இங்கிலீஷ் எடுக்கறேன், ஊரு கும்பகோணம். இன்னைக்கு லீவு, கேளுங்க.

கேள்வி: அக்கா, பாமா புக்க டெல்லில தடை பண்ணிட்டாங்களாமே?

பதில்: தடை இல்லப்பா, தலித் எழுத்தாளர் பாமாவோட புக் கடைல கிடைக்கும். 2021 ஆகஸ்ட்ல டெல்லி யூனிவர்சிட்டி பிஏ இங்கிலீஷ் ஆனர்ஸ்ல பெண்கள் எழுத்து பேப்பர்ல இருந்து பாமாவோட சங்கதி நாவல், சுகிர்தராணி கவிதைங்க, வங்காள எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியோட திரௌபதி கதை மூணையும் தூக்கிட்டாங்க. வயித்தெரிச்சல் என்னன்னா பாடம் நடத்தறவங்க கூடி வெச்சத மேல ஓவர்சைட் கமிட்டின்னு ஒரு மேற்பார்வைக் குழு உக்காந்து மாத்துச்சு. பாடத்துக்கு ஒப்புதல் தர்ற அகாடமிக் கவுன்சில்ல 15 பேர் எதிர்ப்பு எழுதிக் குடுத்தாங்க, எழுதினது எழுதினபடி இருக்கு பாடம் போனது போனபடி இருக்கு.

சங்கதி எடுக்கறப்ப பசங்க கைல இருந்தது கேம்பஸ் பக்கத்துல பட்டேல் செஸ்ட் கடைங்கள்ல எடுத்த ஜெராக்ஸ், அதுவும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. ஒருநாள் பாட்டி பேசற பக்கத்த தமிழ்லயே வாசிச்சுக் காட்டினேன், ஒருத்தருக்கும் புரியல, ஆனா பாட்னா பொண்ணு ஒருத்தி "மேம், எங்க நானி திட்டறப்ப இதே சத்தம்தான்"னா. அப்புறம் அந்த கிளாஸ் ஒன்றரை மணி நேரம் போச்சு.

கேள்வி: இது பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு கோர்ட்டுக்குப் போகலாமா மேடம்?

பதில்: கஷ்டம். அரசியல் சட்டத்துல 19(1)(ஏ) பேசவும் எழுதவும் உரிமை தருது, ஒரு புக் பாடமா இருந்தே தீரணும்னு சொல்லல.

கேள்வி: ராமானுஜன் கட்டுரை விஷயம் என்ன?

பதில்: ஏ.கே.ராமானுஜன், குறுந்தொகைய இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர். ராமாயணம் பலவிதம்னு அவர் எழுதின கட்டுரை இங்க டெல்லி யூனிவர்சிட்டி ஹிஸ்டரி ஆனர்ஸ்ல இருந்துச்சு. வால்மீகில அகலிகை கண்ணுக்குத் தெரியாம சாம்பல்ல கிடப்பா, கம்பன்ல கல்லாயிடுவா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டுவார், நம்மூர் பட்டிமன்றத்துல கைதட்டு வாங்கற சமாச்சாரம்தான்! இங்க 2008ல அத எதிர்த்தவங்க ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டுக்குள்ள புகுந்து உடைச்சாங்க. அப்புறம் நாலு நிபுணர்கள கேட்டாங்க, மூணு பேர் இருக்கட்டும்னாங்க, ஆனாலும் 2011 அக்டோபர்ல யூனிவர்சிட்டி அத பாடத்துல இருந்து எடுத்துடுச்சு.

கேள்வி: ஒரு பக்கமாவே பேசறீங்களே, உங்க லெஃப்ட் ஆளுங்க யோக்கியமா?

பதில்: இல்ல. நான் இருந்த ஒரு செமினார்ல எதிர்க்கருத்துக்காரர பேசவிடாம கத்தினது எங்க பசங்கதான், நான் டீ கப்ப பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு எந்திரிச்சு நிறுத்துங்கடான்னு சொல்லியிருக்கணும்.

கேள்வி: மயூர் விஹார்ல இருந்து கேக்கறேன் மேடம். பொண்ணு இங்கிலீஷ் ஆனர்ஸ்ங்கறா, வாத்தியாருக்கு எதிரா பேசினா மார்க் போயிடுமா?

பதில்: செமஸ்டர் பரீட்சைல போகாதும்மா, திருத்தறவங்களுக்கு பேப்பர் யாருதுன்னே தெரியாது. இன்டர்னல் மார்க் வாத்தியார் கைல, அங்க ஆளப் பொறுத்தது. சேத்து விடுங்க, சங்கதி தமிழ் காப்பி ஒண்ணு வாங்கிக் குடுங்க.