இறக்குமதி வரியைக் கட்டுவது யார்? வர்த்தகப் போர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், சீனப் பொருளுக்கு அமெரிக்கா வரி போட்டால் அந்தப் பணத்தைச் சீனாதானே கட்டுகிறது? டிரம்ப் அப்படித்தானே சொல்கிறார்?

பதில்: இல்லை. சுங்கத்துறைக்குப் பணம் கட்டுவது, சரக்கை வரவழைத்த அமெரிக்க நிறுவனம். விற்றவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம், தன் லாபத்தில் தாங்கிக்கொள்ளலாம், முடியாவிட்டால் வாங்குகிறவர் தலையில் வைக்கும். பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான் நடக்கிறது.

2018-இல் வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. கூடவே துணி உலர்த்தும் டிரையர் விலையும் அதே அளவு ஏறியது. டிரையருக்கு வரியே கிடையாது! மக்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குவதால் கம்பெனிகள் இரண்டிலும் ஏற்றிவிட்டன. உள்நாட்டில் சுமார் 1,800 வேலைகள் வந்தன, உண்மைதான். ஆனால் ஒரு வேலைக்காக நுகர்வோர் இழந்தது ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வேலைவாய்ப்புக்காகத்தான் வரி என்று யாராவது பேசினால் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: 2025-இல் 145 சதவீதம் வரை போன வரி சட்டென்று இறங்கியதே, யார் பணிந்தது?

பதில்: இரண்டு பேரும். ஏப்ரலில் அமெரிக்கா 145, சீனா 125 என்று நின்றார்கள். அந்த உயரத்தில் வியாபாரமே நின்றுபோகும். மே மாதம் ஜெனீவாவில் பேசி 30, 10 என்று இறக்கினார்கள்.

ஆனால் சீனாவின் பிடி வரியில் இல்லை, அரிய மண் தனிமங்கள் எனப்படும் உலோகங்களில் இருக்கிறது. மின்சார கார் மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் வேண்டிய காந்தங்கள் இவற்றிலிருந்து வருகின்றன. தாது பல நாடுகளில் கிடைக்கும். அதைப் பிரித்துச் சுத்திகரிப்பதுதான் கடினம். அந்த வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவிடம் இருக்கிறது. அந்த ஏப்ரலிலேயே ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்துவிட்டது.

கேள்வி: வணிகம் வேறு, அரசியல் வேறு இல்லையா?

பதில்: கோவிட் எங்கே தோன்றியது என்று விசாரிக்க வேண்டுமென ஆஸ்திரேலியா 2020-இல் கேட்டது. அடுத்த சில வாரங்களில் ஆஸ்திரேலிய பார்லிக்குச் சீனா 80.5 சதவீத வரி போட்டது. அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள் என்பது சீனா சொன்ன காரணம். உறவு சீரான பிறகு 2023-இல் எடுத்துவிட்டார்கள். நடுவில் கஷ்டப்பட்டது பார்லி விவசாயி.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பு என்னதான் செய்கிறது?

பதில்: என் பெரிய கவலையே இதுதான். நாடுகளுக்கு இடையிலான வர்த்தக வழக்குகளைத் தீர்ப்பது அதன் வேலை. அதன் மேல்முறையீட்டு அமர்வில் ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் தேவை. அமெரிக்கா புதிய நியமனங்களைத் தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார். அப்புறம் தோற்ற நாடு மேல்முறையீடு என்று சொன்னாலே போதும், வழக்கு கிடப்பில் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் 2020-இல் தற்காலிக நடுவர் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அமெரிக்கா அதில் இல்லை.

1997-இல் கோஸ்டாரிக்கா என்ற சின்ன நாடு, தன் உள்ளாடை ஏற்றுமதிக்கு அமெரிக்கா போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்காடி ஜெயித்தது. இன்று அப்படியொரு நாடு அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினாலும், மேல்முறையீடு வந்தால் அது காகிதத்திலேயே நின்றுவிடும். பெரிய நாடுகளிடம் பதிலடி கொடுக்கச் சந்தை இருக்கிறது. கோஸ்டாரிக்காவிடம் என்ன இருக்கிறது?

கேள்வி: சண்டை முடிந்தால் வரியும் போய்விடும்தானே? பேரத்துக்காகத்தானே போடுகிறார்கள்?

பதில்: 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரியை ஏற்றியது. பதிலடியாக அமெரிக்கா பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து செய்யும் பசைப்பொருள்), சிறிய டிரக் ஆகிய நான்குக்கும் வரியை ஏற்றியது; டிரக்குக்கு 25 சதவீதம். மற்ற மூன்றுக்கும் பின்னர் எடுத்துவிட்டார்கள். டிரக் வரி மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் இருக்கிறது. அந்த மதிலுக்குள் வளர்ந்த கம்பெனிகள் அதை இடிக்க விடுவதில்லை. கோழிச் சண்டையை யாருக்கும் இன்று நினைவில்லை.