இறந்தவர் கையெழுத்திட்ட படிவமும் 1938ஆம் ஆண்டு எம்.ஜி. காரும்

கேள்வி: 1938இல் தயாரான எம்.ஜி. டி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை 38 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் எழுதி, 6 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த ஆங்கிலேயர் ஒருவர்தான் அதன் முதல் உரிமையாளர். 1956இல் கோவை மருத்துவர் ஒருவர் பெயருக்கு ஆர்.சி. புத்தகம் மாறியது, அதன் பிறகு மாறவேயில்லை. மருத்துவர் 1971இல் பழுதுபார்க்க ஒர்க் ஷாப் ஒன்றில் காரை விட்டார், 1979இல் காலமானார். கூலி பாக்கிக்காகக் காரைத் தன்னையே எடுத்துக்கொள்ளும்படி மருத்துவரின் குடும்பத்தார் சொல்லிவிட்டதாக முத்திரைத்தாளில் எழுதி, ஒர்க் ஷாப்காரர் 1993இல் அதை வேறொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து 2009இல் வாங்கிச் சீரமைத்தவரே எனக்கு விற்கிறார். மருத்துவர் கையெழுத்திட்ட 29, 30 படிவங்கள் தன்னிடம் இருப்பதால் பெயர் மாற்றத்தில் சிக்கல் வராது என்கிறார். ஆனால் சென்ற மாதம் மருத்துவரின் மகளிடமிருந்து எங்கள் இருவருக்கும் பதிவுத்தபால் வந்தது. கடந்த ஆண்டு நடந்த பழைய கார் அணிவகுப்பில்தான் காரைப் பார்த்ததாகவும், அது தங்கள் குடும்பச் சொத்து என்றும், வெளிநாட்டில் உள்ள தம்பிக்கும் அதில் பங்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறார். காரின் என்ஜினும் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் அல்ல. மீதி 32 லட்சத்தைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். தாங்கள் அனுப்பிய ஆவண நகல்களை முழுவதும் படித்த பிறகே இதைச் சொல்கிறேன். கார் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காரை முறையாகத் தங்களுக்கே உரியதாக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி விற்பனையாளர் காட்டும் வழியன்று.

முதலில் அந்த 29, 30 படிவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆவணக் கட்டிலேயே ஆபத்தானவை அவைதாம். பெயர் மாற்றத்துக்கு நாம் இன்று பயன்படுத்தும் அந்த இரண்டு படிவங்களும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளோடு வந்தவை. மருத்துவர் 1979இல் காலமானவர். தாம் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நடைமுறைக்கு வந்த ஒரு படிவத்தில் அவர் கையெழுத்திட்டிருக்க வழியே இல்லை. விற்பனையாளரே அதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கைமாறி வந்த காகிதங்களோடு அதுவும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் படிவங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுப்பவர், பொய் ஆவணத்தை மெய்யென்று பயன்படுத்திய குற்றத்துக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் பதில் சொல்ல வேண்டி வரும். விண்ணப்பதாரராகத் தங்கள் பெயரே அதில் இருக்கும் என்பதால், எந்த ஏஜெண்டிடமும் அவற்றைக் கொடுக்க அனுமதிக்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று பலரும் நம்புகிறார்கள். விபத்து இழப்பீடு போன்ற விஷயங்களில் மோட்டார் வாகனச் சட்டம் பதிவுப் பெயரையே பார்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் காரின் சொத்துரிமை கைமாறுவது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அதற்கு ஆர்.சி. ஒரு வலுவான சான்று மட்டுமே, நிலத்துக்குப் பத்திரம் இருப்பது போன்ற உரிமை ஆவணம் அல்ல. எனவே 1956க்குப் பிறகு பெயர் மாறவில்லை என்பது மட்டுமே தங்கள் விற்பனையாளரின் உரிமையைக் கெடுத்துவிடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: 1938 தொடங்கி இன்று வரை ஒவ்வொரு கையிலும், கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இருந்ததா? தோட்ட மேலாளரிடமிருந்து மருத்துவருக்கு மாறியதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சங்கிலி அறுந்திருப்பது 1993இல்.

பழுதுபார்க்கக் கொடுத்த பொருளுக்குக் கூலி வராதவரை அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள ஒர்க் ஷாப்காரருக்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170 உரிமை தருகிறது. அது வைத்துக்கொள்ளும் உரிமை. விற்கும் உரிமை அன்று. அடகு பிடித்தவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து விற்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் பிரிவு 176 தருகிறது. பட்டறைக்காரருக்கு அப்படி எதையும் தரவில்லை. உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை கிடைக்காது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 27 கூறுகிறது. ஆகவே குடும்பத்தார் உண்மையாகவே காரை விட்டுக்கொடுத்திருந்தால் மட்டுமே 1993ஆம் ஆண்டு விற்பனை நிற்கும். கார் போன்ற பொருளின் விற்பனை வாய்மொழியாகவும் நடக்கலாம் என்பதால், அப்படி ஓர் ஏற்பாடு நடந்திருக்கவே முடியாது என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டவர் யார்? மருத்துவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 8இன்படி மனைவி, மகள், மகன் ஆகியோருக்கும், அவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் காரில் பங்கு சேர்ந்திருக்கும். மனைவி ஒருவர் மட்டும் தலையசைத்திருந்தாலும் பிள்ளைகளின் பங்கு அதில் போய்விடாது.

அந்த முத்திரைத்தாள் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் அதுவே போதும் என்று விற்பனையாளரின் வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுப் பழமையான ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உரியவருடையவையே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 92. பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 90ஐ அறிந்தவர்களுக்கு அது புதிதன்று. ஆனால் அந்த அனுமானம் எழுதியவர் யார் என்பதோடு நின்றுவிடுகிறது. எழுதப்பட்டது உண்மை என்று அது சொல்வதில்லை. "குடும்பத்தார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்" என்று ஒர்க் ஷாப்காரர் தமக்குச் சாதகமாகத் தாமே எழுதிய ஒரு வரிக்கு, மருத்துவரின் குடும்பத்தார் ஒருவரின் கையெழுத்துகூட அதில் இல்லாத நிலையில், நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் மகளின் உரிமை இத்தனை ஆண்டுகளில் காலாவதியாகியிருக்காதா என்று தாங்கள் கேட்கலாம். இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், ஒப்படைக்கப்பட்ட அசையும் பொருளை ஒப்படைப்புப் பெற்றவரிடமிருந்து விலைக்கு வாங்கியவரிடம் மீட்பதற்கு உறுப்பு 71 மூன்று ஆண்டுகள் தருகிறது; அந்த மூன்று ஆண்டுகள் விற்பனை நடந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, விற்பனையை உரியவர் அறிந்த நாளிலிருந்தே ஓடுகின்றன. பழுதுபார்க்கக் கொடுத்தது ஒப்படைப்பு ஆகாது என்று யாரேனும் வாதிட்டாலும், மோசடியாகக் கையாளப்பட்ட பொருளுக்கான உறுப்பு 68ம், பொருள் யாரிடம் இருக்கிறது என்று உரியவர் முதன்முதலில் அறிந்த நாளையே தொடக்கமாகக் கொள்கிறது. கடந்த ஆண்டு அணிவகுப்பில்தான் தெரிந்தது என்ற மகளின் கூற்றை நீதிமன்றம் நம்பினால், அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது. மாறாக, 1990களிலேயே அவர் அறிந்திருந்தார் என்று காட்டும் ஒரு கடிதமோ சாட்சியோ கிடைத்தால், வழக்குப் போடும் உரிமை மட்டுமல்லாமல், அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 27இன்படி காரின் மீதான உரிமையே அணைந்துபோயிருக்கும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 2001இல் திருடுபோன 1938ஆம் ஆண்டு டால்போ லாகோ கார் பல ஆண்டுகள் கழித்துப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டபோது, வாங்கியவர் மீதான வழக்குக்குக் காலம் கடந்துவிடவில்லை என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டம் வேறு சொற்களில் இருந்தாலும், நேரம் கடந்ததால் மட்டும் இப்படிப்பட்ட கார்களின் பழைய உரிமை ஓய்ந்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தாங்கள் பணம் கொடுத்துக் காரை எடுத்து, பின்னால் அது மகளுக்கே உரியது என்று தீர்ப்பானால் என்ன நேரும்? விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதாமலேயே அடங்கிய நிபந்தனை என்று சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 14 சொல்கிறது. 1923இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோலண்ட் எதிர் டிவால் என்ற வழக்கில், 334 பவுண்டுக்கு வாங்கிய டெலோனே பெல்வீல் கார் திருட்டுக் கார் என்று தெரிந்து போலீசார் கைப்பற்றியபோது, காரைச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகும் வாங்கியவருக்கு முழு விலையையும் திருப்பித் தரச் செய்தது. வாங்கியவர் பெறவேண்டியிருந்தது உரிமை, அது துளியும் கிடைக்கவில்லை என்பதே காரணம். ஆனால் தங்கள் ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தியில் "உள்ளது உள்ளபடியே, உரிமை குறித்த எந்தப் பொறுப்பும் இன்றி" என்ற தொடர் இருக்கிறது. இந்த உள்ளடங்கிய நிபந்தனையை வெளிப்படையான ஒப்பந்தத்தால் நீக்கிக்கொள்ள பிரிவு 62 இடம் தருகிறது. அந்தத் தொடரோடு மீதிப் பணம் கொடுப்பது, தங்களுக்கிருக்கும் கேடயத்தைத் தாங்களே கழற்றி வைப்பதாகும். மேலும் மகளின் கடிதத்தைப் பெற்ற பிறகு, அறியாமல் வாங்கினேன் என்று தாங்கள் சொல்லவும் முடியாது.

என்ஜினைப் பற்றிய தங்கள் கவலை தனிக் கேள்வி. டி.ஏ. மாடல் 1936 முதல் 1939 வரை அபிங்டன் ஆலையில் ஏறக்குறைய 3,000 கார்கள் அளவில் தயாரானது. அதன் என்ஜின் எம்.பி.ஜே.ஜி. எனப்படும் 1,292 சி.சி. என்ஜின். தங்கள் காரில் இருப்பது 1939இல் டி.பி. மாடலோடு வந்து போருக்குப் பின்னும் தொடர்ந்த 1,250 சி.சி. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ஜின். கார் 1938ஆம் ஆண்டுக் காராகவே இருக்கிறதா என்பதற்கு, பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்ட் நம்பர் ஒன்' காரைப் பற்றி லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு நல்ல வழிகாட்டி. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற அந்தக் கார் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், இது அந்தக் காரே அல்ல என்று மறுத்தார். பழைய உலோகம் அதிகம் எஞ்சவில்லை என்றாலும், முறிவில்லாத வரலாறு கொண்ட அந்தக் காரே ஓல்ட் நம்பர் ஒன், அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு கார் எதுவும் இல்லை என்று 1990இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். எனவே சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகும்வரை தங்கள் கார் 1938ஆம் ஆண்டு டி.ஏ. காரே என்று வாதிட இடமுண்டு. ஆனால் என்ஜின் அசல் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது விவரிப்பின்படி விற்பனை பற்றிய பிரிவு 15ஐத் தொடும். விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமே.

அதைவிட முக்கியமானது பதிவு. 2021இல் சேர்க்கப்பட்ட விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பேணப்பட்ட, சேசிஸ், பாடி அல்லது என்ஜினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கே அந்தத் தகுதியைத் தருகின்றன. வேறு மாடலின் என்ஜின் அதற்குத் தடையாகலாம். அசல் என்ஜின் இன்னும் ஒர்க் ஷாப்காரரின் வாரிசுகளிடம் கிடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் அதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது: மகளின் கடிதத்தை எதிர்ப்பாகப் பார்க்காதீர்கள். தங்களுக்குக் குறையற்ற உரிமையைத் தரக்கூடியவர் இந்தக் கதையில் அவரும் அவர் தம்பியும்தான். வாரிசுகள், விற்பனையாளர், தாங்கள் ஆகிய முத்தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, மீதியுள்ள 32 லட்சத்தில் ஒரு பகுதியை வாரிசுகளுக்கும் எஞ்சியதைச் சீரமைப்புச் செலவு செய்த விற்பனையாளருக்கும் பிரித்துக் கொடுக்கப் பேசலாம். 2009இல் நம்பி வாங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைப்பைப் போட்ட அவர் வெறுங்கையோடு போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தம்பி வெளிநாட்டில் இருப்பதால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதும். அதன் பிறகு தாசில்தார் தரும் வாரிசுச் சான்றோடு, உரிமையாளர் இறந்த நிலையில் பயன்படும் 31ஆம் படிவத்தில் வாரிசுகள் பெயருக்கும், பின்னர் உண்மையான கையெழுத்துகள் கொண்ட 29, 30 படிவங்களில் தங்கள் பெயருக்கும் மாற்றக் கேட்க வேண்டும். காலம் கடந்த விண்ணப்பத்துக்கான விளக்கத்தையும் அபராதத்தையும் ஆர்.டி.ஓ. கேட்பார், அதை ஒப்பந்தத்திலேயே யார் ஏற்பது என்று எழுதிவிடுங்கள்.

விற்பனையாளர் இதற்கு இசையவில்லை என்றால், உரிமையை மெய்ப்பிக்கப் பதினைந்து நாள் கெடு கொடுத்து, தவறினால் 6 லட்சத்தை வட்டியோடு திருப்பித் தரும்படி வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். தமக்கு உரிமை இல்லை என்று அறிந்தே ஒப்பந்தம் செய்தவர் அதைக் கட்டாயமாக நிறைவேற்றக் கேட்க முடியாது என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 17 சொல்வதால், மீதிப் பணத்துக்காக அவர் தங்கள் மீது வழக்குத் தொடுப்பார் என்ற அச்சம் வேண்டாம். அறிவிப்பு அனுப்பும் அதே நாளில் மகளுக்கும் ஒரு பதில் எழுதுங்கள்: கடிதம் கிடைத்தது, பணம் முழுவதும் கொடுக்கவில்லை, கார் தங்கள் வசம் இல்லை, பேசத் தயார் என்ற நான்கு செய்திகள் மட்டும் அதில் இருந்தால் போதும்.