புதியவர்களை ஒரு மாதம் பூட்டி வைக்கலாமா?
உங்கள் இணைய மன்றத்தில் புதிதாகச் சேர்பவர்கள் விளம்பர லிங்க்குகளைக் கொட்டுவதால், முதல் மாதம் அவர்கள் எதுவுமே எழுத முடியாதபடி பூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். புதியவர் பெரும்பாலும் ஒரு அவசரக் கேள்வியோடுதான் வருவார்; மாதக்கணக்கில் காத்திருக்க மாட்டார். லிங்க், படம், தனிச்செய்தி மூன்றை மட்டும் பூட்டுங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அடுத்தவர் பதிவில் கருத்திட 50 நற்பெயர்ப் புள்ளி வேண்டும். கேள்வி கேட்க அது வேண்டாம்.

அப்புறம், அந்தப் பூட்டை எப்போது திறப்பது என்று முடிவு செய்யப் பதிவு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். “நல்ல தகவல், நன்றி” என்று பத்து இடத்தில் எழுதிவிட்டுப் பதினோராவதில் கடன் விளம்பரம் போடுவார்கள். கில்லாடிகள் சிலர் பழைய பதிவைத் திருத்தி லிங்க்கைச் செருகுவார்கள் (நானே ஏமாந்திருக்கிறேன்). அதனால் நாள் கணக்கும் சேரட்டும்: ஆங்கில விக்கிப்பீடியாவில் பூட்டிய பக்கங்கள் பலவற்றைத் திருத்த, கணக்கு தொடங்கி 4 நாளும் 10 திருத்தமும் ஆகியிருக்க வேண்டும். பழைய பதிவைத் திருத்தும் வசதியையும் அதுவரை மூடிவையுங்கள்.