பதிவுத் திருமணம் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: நானும் அவரும் உப்புவெளியில் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவருடைய மனைவி பிரிந்து வெளிநாட்டில் இருக்கிறார், விவாகரத்து ஆகவில்லை. போன மாதம் நெஞ்சுவலியால் அவரை வார்டில் வைத்திருந்தபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; அவருடைய தம்பியைக் கூப்பிட்டுத்தான் கதைத்தார்கள். இப்போது பைபாஸ் செய்யக் கண்டிக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கேயும் இப்படித்தானா?

பதில்: சகோதரி, அவர் நினைவோடு இருக்கும்வரை சத்திரசிகிச்சைக்கு ஒப்பம் வைக்க வேண்டியவர் அவர் மட்டும்தான். தம்பியும் இல்லை, சட்டப்படி மனைவியாக இருப்பவரும் இல்லை. நோய் விபரத்தை யாரிடம் சொல்லலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கலாம். தம்பியைக் கூப்பிட்டுக் கதைப்பது வார்டுப் பழக்கம், அவ்வளவுதான். அதனால் அவர் தெளிவாகக் கதைக்கும் இந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

நினைவு தப்பினால்? உயிர் ஆபத்து என்றால் டொக்டர்மார் யாருடைய ஒப்பத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மற்ற முடிவுகளுக்கு நெருங்கிய உறவினரைக் கேட்பார்கள். அந்த இடத்தைப் பதிவில்லாத துணைக்குக் கொடுக்கும் சட்டம் இலங்கையில் கிடையாது. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழும் துணையையும் கணக்கில் எடுக்கிறது. அடி வாங்கும்போது சட்டத்தின் கண்ணில் படுகிற உறவு, ஐ.சி.யூ. வாசலில் படாமல் போவது பெரிய அநியாயம்.

நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் நீதிமன்றம் அதைத் திருமணமாக ஊகிக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் முதல் திருமணம் கலையாதவரை உங்களுக்கு உதவாது.

ஆகவே இந்தக் கிழமையே அவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். தமிழில் போதும், கண்டிக்குப் போவதால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியும் வைத்திருங்கள். இப்படி எழுதலாம்: "என் நோய் விபரங்களை இன்னாரிடம் முழுமையாகச் சொல்லச் சம்மதிக்கிறேன். நான் பேச முடியாத நிலைக்கு வந்தால் முதலில் அவரைக் கலந்தாலோசியுங்கள். என் விருப்பங்கள் அவருக்குத் தெரியும்." இருவருடைய அடையாள அட்டை இலக்கம், திகதி, இரண்டு சாட்சிகள். சாட்சிகளில் ஒருவர் அந்தத் தம்பியாக இருந்தால் மிகவும் நல்லது. சங்கடமாக இருந்தாலும் அவரைக் கேட்டுப் பாருங்கள். பின்னால் வரக்கூடிய பாதிச் சண்டை அந்த ஒரு ஒப்பத்தில் நின்றுவிடும். சமாதான நீதவான் ஒருவரிடம் அத்தாட்சிப்படுத்துங்கள். இது டொக்டர்மாரைக் கட்டுப்படுத்தும் ஆவணம் இல்லை. ஆனால் நோயாளி என்ன விரும்பினார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும்போது அதை ஒதுக்கித் தள்ளுவது அவர்களுக்கும் லேசில்லை. (ஒரே பாலினத் துணைகளுக்குப் பதிவு என்ற வழியே இங்கு இல்லாததால், அவர்களுக்கு இந்தக் கடிதம் இன்னும் அவசியம்.)

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். காணி, வங்கி அலுவல்களுக்குச் சரி. எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனத்தை இழந்தால் அதன் வலுவும் போய்விடும் என்பதால், மருத்துவ முடிவுக்கு அதை நம்ப வேண்டாம்.

பார்க்கப் போவது அவ்வளவு சிக்கல் இல்லை. பார்வையாளர் நேரத்தில் சாதாரண வார்டில் விவாகப் பத்திரம் கேட்பதில்லை. ஆண்கள் வார்டில் இரவு தங்கப் பெண்களைப் பொதுவாக விடமாட்டார்கள், பதிவு செய்த மனைவியானாலும் அப்படித்தான். அதை உங்களுக்கான அவமானமாக எடுக்காதீர்கள். ஐ.சி.யூ.வில் ஒருவரையோ இருவரையோதான் விடுவார்கள். அங்கே உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, போகுமுன்பே அவர் வாயால் சொல்ல வேண்டும்.

நிரந்தர வழி விவாகரத்துத்தான். மனைவி தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போனார் என்று நிரூபிக்க முடிந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கையில் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். விவாகரத்து முற்றாகக் கிடைக்கும்வரை பதிவுக்கு அவசரப்படாதீர்கள். அது இருதார மணக் குற்றமாகும். கிடைத்த பிறகு, பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்து 12 நாள் பொறுத்தால் போதும்.

கண்டியில் அட்மிட் செய்யும்போது புதிதாகத் துண்டு (நோயாளியின் விபரம் எழுதும் வார்டுப் பதிவு) போடுவார்கள். இங்கே கொடுத்த கடிதம் தானாக அங்கே போய்ச் சேராது. மூலப்பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, நகலொன்றைத் துண்டோடு சேர்க்கச் சொல்லி வார்டுக்குப் பொறுப்பான தாதி மிஸ்ஸிடம் கொடுங்கள். கிளினிக் கொப்பிக்குள் இன்னொன்றை வையுங்கள். பாதுகாவலர் பெயர் கேட்கும்போது உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அவரே சொல்லட்டும்.