சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளை அமெரிக்க மாநிலத் தேர்வை எழுதத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. ஆட்டிசம் உண்டு, ஐ.இ.பி. (அவனுக்கென்றே பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) போட்டிருக்கிறார்கள். மாநிலத் தேர்வு நாட்களில் அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அவனுக்கும் நிம்மதி என்று பள்ளியில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

எழுதட்டும். ஆனால் எப்படி எழுதுகிறான் என்பதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டியிருக்கும். நான் இங்கே ஒரு அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. தேர்வுக் காலம் நெருங்கினாலே இதே தவிப்போடு பெற்றோர் என்னிடம் வருவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வது பள்ளியின் வேலை அல்ல. மாநிலத் தேர்வுகளில் மாற்றுத்திறனுள்ள எல்லா மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று 1997-இல் திருத்தப்பட்ட ஐடியா (IDEA) என்ற நாடு தழுவிய சிறப்புக் கல்விச் சட்டம் சொல்லிவிட்டது. உங்கள் ஐ.இ.பி. குழு அவன் எப்படி எழுத வேண்டும் என்பதை முடிவு செய்யலாம். எழுதலாமா கூடாதா என்பது அவர்கள் கையில் இல்லை. தேர்விலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையைச் சில மாநிலங்கள் பெற்றோருக்குத் தருகின்றன. ஆனால் அது நீங்களாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, பள்ளி உங்கள் காதில் போட வேண்டியது இல்லை.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதைப் பார்த்தால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதன் காரணம் புரியும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி வாசலைத் திறந்துவிட்டது. அப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல், மாநிலத் தேர்வு என்று வந்தால் இவர்களில் பலரை ஒதுக்கி வைப்பது சர்வ சாதாரணமாக இருந்தது. பிள்ளை தேர்வு எழுதவில்லை என்றால் அவன் மதிப்பெண் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் இல்லாத பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று தலைமை ஆசிரியரை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் நல்ல வாசிப்புப் பயிற்சியும் அனுபவமுள்ள ஆசிரியரும் கடைசியாகத்தான் வந்து சேர்வார்கள்.

2002-இல் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' ('எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது') என்ற பள்ளிக் கல்விச் சட்டம் இதைத்தான் பிடித்து உலுக்கியது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருஷமும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் வாசிப்பும் கணக்கும் சோதிக்கப்பட வேண்டும். மொத்த மாணவர்களில் 95 சதவீதம் எழுதினால் மட்டும் போதாது, மாற்றுத்திறனுள்ள மாணவர்களைத் தனியாக எண்ணினாலும் 95 சதவீதம் எழுதியிருக்க வேண்டும். அவர்களுடைய மதிப்பெண்ணைத் தனியாக வெளியிடவும் வேண்டும். அதற்குப் பதிலாக 2015-இல் வந்த எஸ்ஸா (ESSA) சட்டம், மதிப்பெண் குறைந்த பள்ளிகளுக்கான தண்டனைகளைத் தளர்த்தியதே தவிர, இவற்றைக் கைவிடவில்லை. இதனால் ஒரு கெடுதலும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இந்தக் குழந்தைகளைப் பள்ளியின் மதிப்பெண்ணைக் கீழே இழுப்பவர்களாகப் பார்க்கும் பேச்சு ஆசிரியர் அறைகளுக்குள் நுழைந்தது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் கண்ணிலேயே படாமல் போவதைவிட, படுவதுதான் மேல்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். தேர்வில் அவனுக்கு என்னென்ன உதவி கிடைக்கலாம் என்பது ஐ.இ.பி.யில் எழுதியிருக்க வேண்டும். கூடுதல் நேரம், ஆள் குறைவான தனி அறை, இடையிடையே ஓய்வு, கேள்வியைக் கணினி வாசித்துக் காட்டுவது, அவன் சொல்ல வேறொருவர் எழுதுவது என்று பல உண்டு. இவற்றைச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் உள்ள சிரமம்) உள்ள ஒரு மாணவிக்குக் கணக்கு வராது என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கேள்விகளைக் கணினி வாசித்துக் காட்டிய பிறகுதான், அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும், கேள்வியைப் படிப்பதுதான் தடை என்று தெரிந்தது. அதே உதவி வாசிப்புத் தேர்வில் எல்லோருக்கும் கிடைக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனையே அளக்கும்போது, வாசித்துக் காட்டினால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கே விதிகள் கடுமையாக இருக்கும், மாநிலத்துக்கு மாநிலம் மாறவும் செய்யும்.

இன்னொன்று. வகுப்பில் அவன் வழக்கமாகப் பயன்படுத்தும் உதவியையே தேர்விலும் கேளுங்கள். தேர்வன்று முதல்முறையாகக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் ஆட்டிசம் உள்ள பிள்ளை அதிலேயே திணறிப்போவான்.

அடுத்தது நீங்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம். 'மாற்றுத் தேர்வு எழுதட்டுமே, அவனுக்குச் சுலபமாக இருக்கும்' என்று யாராவது சொல்லலாம். அந்தத் தேர்வு அறிவுத்திறனில் மிகக் கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கானது. அவர்களுக்கு அது தேவை, அவர்களும் கணக்கில் வர அதுதான் வழி. ஆனால் ஒரு மாநிலத்தில் ஒரு பாடத்தில் தேர்வு எழுதும் எல்லா மாணவர்களிலும் 1 சதவீதத்துக்கு மேல் அதை எழுதக் கூடாது என்று எஸ்ஸா வரம்பு வைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள். அப்படியானால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் பொதுத் தேர்வைத்தான் எழுத வேண்டும். ஆட்டிசம் என்ற பெயரை மட்டும் வைத்தோ, இதுவரை மதிப்பெண் குறைவு என்பதற்காகவோ ஒரு பிள்ளையை மாற்றுத் தேர்வுக்கு அனுப்ப முடியாது. அந்தத் தேர்வு தளர்த்தப்பட்ட தரத்தை வைத்து அளப்பது. அந்தப் பாதையில் போனால் பிற்பாடு உயர்நிலைப் பள்ளி முடித்ததற்கான வழக்கமான டிப்ளமா வாங்குவது சிரமமாகலாம். அதன் விளைவுகளை உங்களுக்கு முன்கூட்டியே விளக்கும் கடமை பள்ளிக்கு உண்டு. விளக்காமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இப்போதே ஐ.இ.பி. கூட்டம் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தேர்வு உதவிகள் பற்றிய பக்கத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பேசுங்கள். மாதிரித் தேர்வை அதே திரையில், அதே அறையில் அவன் பழகிப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மதிப்பெண் அறிக்கை வந்ததும் குறைவாக இருந்தால் மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துப்போய், இதை வைத்து அவனுக்கு நடத்தும் பாடத்தில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, பதிலை ஐ.இ.பி.யில் எழுதி வாங்குங்கள்.